மூன்று வாரத்துக்கு மேல் எந்த ஏற்பாடும் நிலைப்பதில்லை: ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு) உள்ள பெரியவர்கள் அன்றாடத்தை எப்படி நடத்துகிறீர்கள்?

கேள்வி: கருங்கல் தையல்காரி

வணக்கம். வயது 36. கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் பெண்களுக்கான தையல் கடை வைத்திருக்கிறேன். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். வீட்டில் நான், மாமியார், இரண்டு பிள்ளைகள்.

நான்கு மாதங்களுக்கு முன்பு, மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனைத் திருவனந்தபுரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பாடத்தை எழுதி முடிப்பதில்லை, வாரம் ஒரு பென்சில் பெட்டி தொலைகிறது என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். மருத்துவர் கேட்கக் கேட்க நான் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். நடுவில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதெல்லாம் பையனைப் பற்றிச் சொல்கிறீர்களா, உங்களைப் பற்றியா?" என்று கேட்டார். என்னால் வாய் திறக்க முடியவில்லை. பிறகு என்னைத் தனியாக இரண்டு முறை பார்த்தார். சிறுமியாக நான் எப்படி இருந்தேன் என்று என் அம்மாவிடம் தொலைபேசியில் அரை மணி நேரம் விசாரித்தார். எனக்கும் ஏடிஹெச்டி என்று உறுதிசெய்தார். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சேர்ந்து இருப்பது அபூர்வம் இல்லை என்றார்.

மாத்திரை சாப்பிடுகிறேன். தலைக்குள் ஓயாமல் இருந்த இரைச்சல் குறைந்திருக்கிறது. ஆனால் எந்தத் துணியை எந்தத் தேதிக்குக் கொடுக்க வேண்டும் என்பதை மாத்திரை சொல்லாது. அதற்காகத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு மணப்பெண்ணின் ரவிக்கையை ஆரி வேலைக்கு வாங்கினேன். வியாழக்கிழமை தருவதாக வாக்கு. வீட்டில் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி உட்கார்ந்தவள் நான்கு மணி நேரம் தலை நிமிரவில்லை. கை முழுவதும் மணி கோத்து முடித்து எழுந்தபோது, அடுப்பில் வைத்த பால் வற்றிப் பாத்திரம் கருகியிருந்தது. மாமியார் மூன்று முறை கூப்பிட்டாராம், ஒன்றுகூட என் காதில் விழவில்லை. அவ்வளவு வேலையையும் முடித்துவிட்டு, கையை உடலோடு இணைத்துக் கொக்கி வைக்கிற ஒரு மணி நேர வேலையைத்தான் விட்டுவிட்டேன். பையில் போட்டுக் கடை மேசைக்கு அடியில் தள்ளினேன். கண்ணில் இருந்து மறைந்ததும் அப்படி ஒரு ரவிக்கை உலகத்தில் இருப்பதே மறந்துபோனது. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பெண்ணின் தாயார் கடை வாசலில் வந்து நின்றார். "திங்கட்கிழமை கல்யாணம், மகளே" என்று மட்டும் சொன்னார். அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரவோடு இரவாகத் தைத்துக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மாவின் முகம் இன்னும் போகவில்லை.

அலைபேசியில் நினைவூட்டும் செயலிகள் நான்கைப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆர்டர் நோட்டு ஏழு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் முதல் பதினைந்து பக்கம் அழகான கையெழுத்து, அதற்குப் பிறகு வெறும் தாள். வெள்ளைப் பலகை வாங்கினேன். மஞ்சள் தாள்களை மிஷினைச் சுற்றி ஒட்டினேன். எல்லாமே மூன்று வாரம் நன்றாக நடக்கின்றன. நான்காவது வாரம் அவை கண்ணுக்குத் தெரிவதே இல்லை. "கூறு இல்லாதவள்" என்று சிறு வயதிலிருந்து கேட்ட பேச்சு அப்போது திரும்ப வந்துவிடுகிறது.

மூன்று வாரத்தைத் தாண்டி நிற்கும் ஏற்பாடு யாரிடமாவது இருக்கிறதா? படித்ததை அல்ல, நீங்கள் செய்வதைச் சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற செவிலியர், நாகர்கோவில்

மக்களே, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "கூறு இல்லாதவள்" என்ற சொல்லை இனி உன் மீது நீயே போட்டுக்கொள்ளாதே. நான்கு மணி நேரம் தலை நிமிராமல் ஆரி வேலை செய்கிறவளுக்குக் கவனம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. கவனத்தை வேண்டிய இடத்துக்குத் திருப்புவதும், வேண்டிய நேரத்தில் அங்கிருந்து எடுப்பதும்தான் உனக்குச் சிரமம்.

நான் 31 ஆண்டுகள் வார்டில் நின்றவள். கடைசி ஆறு ஆண்டுகள் மனநலப் பிரிவில். மற்ற ஏற்பாடுகளை உன்னைப் போன்றவர்கள் சொல்வார்கள், நான் மருந்துப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

மாத்திரையைப் பற்றி எழுதினாய், பெயர் எழுதவில்லை, எழுதவும் வேண்டாம். இரண்டு வகை உண்டு என்பதை மட்டும் தெரிந்துகொள். மெத்தில்ஃபெனிடேட் வகை அன்றன்றைக்கு, சில மணி நேரம் வேலை செய்யும். அது இந்தியாவில் எக்ஸ் அட்டவணை மருந்து. சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அதனால் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. தீரப்போகும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும், ஏடிஹெச்டி உள்ளவர்களுக்கு அதுவே பெரிய சோதனை. அட்டோமாக்ஸிடின் வகை தினமும் சாப்பிட வேண்டியது, முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். "ஒன்றும் தெரியவில்லை" என்று பத்தாம் நாள் நிறுத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நிறுத்துவதானாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்து. எந்த வகையானாலும் இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் அவ்வப்போது பார்க்க வேண்டும். பசி குறைகிறதா, தூக்கம் கெடுகிறதா என்று கவனி.

அட்டையிலிருந்து பிய்த்துச் சாப்பிடாதே. ஏழு அறை உள்ள மாத்திரை டப்பா வாங்கிக்கொள். சாப்பிட்டோமா இல்லையா என்ற சந்தேகம் உங்களுக்குத் தினமும் வரும். அறை காலியாக இருந்தால் சாப்பிட்டாயிற்று. சந்தேகத்தில் இரண்டாவது மாத்திரையைப் போட்டுக்கொண்டு நெஞ்சு படபடக்க வந்தவர்கள் உண்டு.

தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால் கேள். நம் பெண்களுக்கு இரத்தசோகையும் தைராய்டும் சேர்ந்து இருந்தால் மறதியும் சோர்வும் இரட்டிப்பாகத் தெரியும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: திருவனந்தபுரம் போக முடியாதவர்கள் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். பேச மட்டும் ஆள் வேண்டும் என்றால் 14416. டெலி மானஸ் என்ற அரசு சேவை, 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

பதில் 2: திருவட்டார் வயர்மேன்

தங்கச்சி, உங்கள் ஏழு நோட்டைப் படித்ததும் என் வீட்டுப் பரணில் கிடக்கிற டைரிகள் நினைவுக்கு வந்தன. எனக்கு 43 வயது. 38 வயதில்தான் தெரிந்தது. வீட்டு வயரிங், மோட்டார், இன்வெர்ட்டர் எல்லாம் பார்ப்பேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு நேராக வருகிறேன். மூன்று வாரத்தில் ஏற்பாடு சாவது உங்கள் குற்றம் இல்லை. சுவரில் ஒட்டிய தாள் பத்து நாளில் சுவராகிவிடும். புதிது என்பதால்தான் நம் கண் அதைப் பார்த்தது, புதுமை போனதும் கண் தாண்டிப் போகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டு ஆனது. அதுவரை நிரந்தரமான ஒன்றைத் தேடித் தேடி ஏமாந்தேன். இப்போது நிரந்தரத்தைத் தேடுவதில்லை. ஒன்றாம் தேதி வந்தால் இடத்தை மாற்றுகிறேன். கதவில் இருக்கும் பலகை பைக் நிறுத்தும் இடத்துக்குப் போகும், அங்கிருந்து குளியலறைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் போகும். நீலப் பேனா சிவப்புப் பேனாவாகும். எழுதும் விஷயம் அதே விஷயம்தான். செத்துப்போன பழைய ஏற்பாட்டையும் தூக்கி எறியாதீர்கள். ஆறு மாதம் கழித்து எடுத்தால் அது மறுபடியும் புதிது.

என்னை மாற்றிய சம்பவத்தைச் சொல்கிறேன். ஒரு வீட்டில் கிணற்று மோட்டாரின் ஸ்டார்டர் பெட்டியைத் திறந்து வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு ஸ்க்ரூ தேவைப்பட்டது. மெயினை அணைத்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு குலசேகரம் போனேன். கடையில் இன்னொருவர் என்னைப் பார்த்து, "வீட்டில் ஃபேன் ஓடவில்லை, ஐந்து நிமிட வேலை" என்றார். போனேன். அங்கிருந்து இன்னொரு அழைப்பு. மாலை ஐந்து மணிக்குச் சாயா குடிக்க உட்கார்ந்தபோது சட்டைப் பையில் கைவிட்டேன், ஸ்க்ரூ கையில் தட்டியது. உடம்பெல்லாம் சில்லிட்டுப் போனது. அந்த வீட்டில் நடை பழகும் குழந்தை இருந்தது. தண்ணீர் வரவில்லை என்று யாராவது மெயினைப் போட்டிருந்தால்? பைக்கை எப்படி ஓட்டிக்கொண்டு திரும்பினேன் என்று தெரியாது. யாரும் போடவில்லை. கடவுள் காப்பாற்றினார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். வேலையைப் பாதியில் விட்டு வெளியே காலடி வைக்கும் முன் இடது மணிக்கட்டில் சிவப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வேன். திரும்பி வந்து அந்தப் பெட்டியை மூடிய பிறகுதான் அதை அவிழ்ப்பேன். வழியில் யார் கூப்பிட்டாலும் பைக் கைப்பிடியில் இருக்கும் என் கை எனக்கே தெரியும். வியர்வையில் டேப் பிசுபிசுவென்று ஒட்டும், முடியைப் பிடித்து இழுக்கும். அந்தத் தொந்தரவு நல்லது. தொந்தரவு இல்லாத எதையும் நான் மறந்துவிடுவேன். ஐந்து ஆண்டாக நடக்கிறது, இது மட்டும் சுவராகவில்லை, தோலில் இருப்பதால் என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் கடைக்கு வருவோம். துணி ஓரிடத்தில், தேதி வேறோரிடத்தில் இருப்பதுதான் சிக்கல். நோட்டைத் திறக்க வேண்டும் என்பதை முதலில் நினைக்க வேண்டும், பிறகு பக்கத்தைத் தேட வேண்டும், பிறகு பையைத் தேட வேண்டும். மூன்று படி. நமக்கு ஒரு படி தாங்கும், இரண்டாவது படியில் நழுவிவிடுவோம். துணியும் தேதியும் ஒரே இடத்தில் இருக்கும்படி செய்யுங்கள். மிஷினில் உட்கார்ந்தால் எதிரே தெரியும் சுவரில் ஏழு கொக்கி அடியுங்கள், ஒரு நாளுக்கு ஒன்று. வாடிக்கையாளர் துணியைக் கொடுக்கும்போதே பையை அந்தக் கிழமையின் கொக்கியில் மாட்டிவிடுங்கள். மேசைக்கு அடியில் எதையும் வைக்கக் கூடாது. அடியை அட்டை வைத்து அடைத்துவிட்டாலும் தவறில்லை. கல்யாணப் பெண்களின் மஞ்சள் பைகள் சுவரில் தொங்கினால் கடை அழகு குறையும் என்று தோன்றும். தோன்றட்டும். நம் ஆட்களுக்கு மூடிய அலமாரி ஆகாது.

இன்னொன்று, நேரம். எத்தனை மணி நேரம் ஆகும் என்று நாம் நினைப்பது எப்போதும் தவறு. நான் ஒரு மாதம் முழுவதும், வேலை தொடங்கும்போது சுவிட்ச் பெட்டியின் உள்பக்கம் பென்சிலால் மணியை எழுதினேன், முடியும்போதும் எழுதினேன். ஒரு மணி நேரம் என்று நான் சொன்ன வேலைகள் இரண்டு மணி பத்து நிமிடம், இரண்டரை என்று வந்தன. இப்போது மனதில் தோன்றுவதை இரண்டரையால் பெருக்கித்தான் வாடிக்கையாளரிடம் சொல்கிறேன். முதலில் வேலை போய்விடும் என்று பயந்தேன். போகவில்லை. சொன்ன நேரத்துக்கு வருகிற வயர்மேன் என்று பெயர் வந்தது, அந்தப் பெயருக்காக நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

பில் எழுதுவது இன்னும் மலைதான். மூன்று மாதப் பில்லை எழுதாமல் பணத்தை விட்ட ஆண்டும் உண்டு. தனியாக உட்கார்ந்தால் ஒரு பில் நகராது. பக்கத்துக் கடையில் ஒரு பெரியவர் மாலையில் நாளிதழ் படிப்பார். அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் என்னோடு பேசுவதும் இல்லை, என் பில்லைப் பார்ப்பதும் இல்லை. ஆள் ஒருவர் இருக்கிறார் என்பதே போதும், முக்கால் மணி நேரத்தில் அந்த வாரத்துப் பில் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் இதற்கு 'பாடி டப்ளிங்' என்று பெயர் இருப்பதைப் பின்னால்தான் அறிந்தேன். உங்கள் கடையில் கொக்கி வைப்பது, ஃபால்ஸ் அடிப்பது போன்ற சலிப்பான வேலைக்கு இதைச் செய்து பாருங்கள்.

கருங்கல் தையல்காரி

அண்ணா, உங்கள் பதிலை மூன்று முறை படித்தேன். ஸ்டார்டர் பெட்டி வரும் இடத்தில் கை நடுங்கியது. கொக்கி அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். இருபது நாள் கழித்துக் கொடுக்க வேண்டிய துணி வந்தால் என்ன செய்வது? ஏழு கொக்கியில் அது எங்கே தொங்கும்? எனக்கு இன்று, நாளை என்றால் புரிகிறது. அதற்கு அப்பால் எல்லாமே ஒரே மூட்டையாகத் தெரிகிறது.

அம்மா, தைராய்டு பார்த்தேன், சரியாக இருக்கிறது. ஹீமோகுளோபின் 9.4. மருந்து தந்திருக்கிறார்கள். நீங்கள் கேட்டிருக்காவிட்டால் பார்த்திருக்க மாட்டேன்.

பதில் 3: ரப்பர் தோட்டத்துக்காரன்

என் மகளுக்கு ஏடிஹெச்டி என்று உறுதிசெய்திருக்கிறார்கள். நான் யாரிடமும் காட்டவில்லை. ஆனால் அவளுடைய கதை என் கதை.

இருபது நாள் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. நான் பேச்சிப்பாறைப் பக்கம் சொந்தமாக 300 ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். விடியும் முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குவேன். குளிரில்தான் பால் நன்றாக ஓடும். வெட்டி முடித்துச் சில மணி நேரத்தில் சிரட்டையில் விழுந்ததை எடுத்தாக வேண்டும், தாமதித்தால் சிரட்டையிலேயே உறைந்து ஒட்டுப்பால் ஆகிவிடும், விலை குறைவு. எடுத்த பாலில் அன்றே ஆசிட் ஊற்றி டிஷ்ஷில் உறைய வைக்க வேண்டும். உறைந்ததை மிஷினில் அடித்துப் புகைப்புரையில், அதாவது புகை போட்டு உலர்த்தும் அறையில், ஏற்ற வேண்டும். இந்த வேலையில் நான் ஒரு நாளும் தவறியதில்லை. அதே நான் நிலவரியை இரண்டு ஆண்டு கட்டவில்லை. ரசீதுப் புத்தகம் எங்கே என்றும் தெரியாது. ஒரே ஆள், இரண்டு விதம். ஏன் என்று நிறைய யோசித்திருக்கிறேன். பால் காத்திருக்காது. வரி காத்திருக்கும்.

தங்கச்சி, நீங்களும் துணியைக் காத்திருக்க விடாதீர்கள். இருபது நாள் வேலையை அப்படியே வாங்கி வைக்காமல் துண்டு போடுங்கள். வெட்டுவது இந்த வெள்ளி, ஆரி வேலை அடுத்த புதன், இணைப்பது அதற்கடுத்த சனி. ஒவ்வொரு நாளுக்கும் வெளியிலிருந்து ஒரு ஆள் வர வேண்டும். வெள்ளிக்கிழமை கழுத்து அளவு பார்க்க வாருங்கள் என்று அந்தப் பெண்ணையே வரச் சொல்லுங்கள். அவள் வருவாள் என்பதற்காகவே வியாழன் இரவு நீங்கள் வெட்டியிருப்பீர்கள்.

நிலவரிக்கும் இதையே செய்தேன். பக்கத்துத் தோட்டக்காரரோடு சேர்ந்து போவது என்று பேசி வைத்தேன். அவர் காலையில் பைக்கோடு வாசலில் நின்றார். கட்டிவிட்டேன்.

ஓய்வுபெற்ற செவிலியர், நாகர்கோவில்

தம்பி, மகளை அடுத்த முறை அழைத்துப் போகும்போது நீங்களும் காட்டிவிடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வினாத்தாள் ஒன்று இருக்கிறது, முதல் பகுதியில் ஆறே கேள்வி. அதை வைத்து நாமே முடிவு கட்டக் கூடாது, மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்பதை மட்டும் அது காட்டும். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று கேட்பார்கள். உங்கள் அம்மா இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள்.

பதில் 4: தக்கலை ஆசிரியை

எனக்கு ஏடிஹெச்டி இல்லை. என் கணவருக்கு இருக்கிறது. திருமணமாகிப் பதினோரு ஆண்டு. வீட்டில் இருக்கிறவர்கள் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், உங்கள் மாமியாரிடம் படித்துக் காட்டினாலும் சரி.

எட்டு ஆண்டு நான் அவருக்கு அலாரமாக இருந்தேன். மின் கட்டணம் கட்டினீர்களா, கேஸ் பதிவு செய்தீர்களா, அம்மாவுக்கு மருந்து வாங்கினீர்களா என்று தினமும் கேட்பேன். கேட்கக் கேட்க என் குரல் மாறியது. என் குரலில் அவருக்குக் கட்டணம் கேட்காது, "நீ உதவாதவன்" என்பது மட்டும் கேட்கும். இருவரும் தனித்தனியாக அழுதோம். ஒரு நாள் நான் நிறுத்தினேன். அவரை விட்டுவிட்டேன் என்று பொருள் இல்லை, நினைவூட்டும் வேலையை என் வாயிலிருந்து எடுத்து வேறு பொருள்களிடம் கொடுத்தேன். மின் கட்டணம் என் பெயருக்கு மாறியது. அம்மாவின் மருந்துச் சீட்டு அவருடைய தலைக்கவசத்துக்குள் இருக்கும், போட வேண்டும் என்றால் எடுத்தாக வேண்டும். அவருக்கு எளிதாக வருகிற சமையலும் மீன் வாங்குவதும் முழுக்க அவரிடம் போயின. குளச்சலிலிருந்து வரும் மீன்காரர் வாசலில் கூவும்போது அவர் சட்டியோடு நிற்கிறார், ஒரு நாளும் மறந்ததில்லை. கூவல் வந்தால் சட்டி, அவ்வளவுதான்.

பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் இதை ஆராய்ந்திருக்கிறார். "நாளைக்குச் செய்வேன்" என்று நினைப்பதைவிட, "இது நடந்தால் நான் அதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே கட்டிவைத்தால் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம். எங்கள் வீட்டில் அதை மீன்காரர் நடத்துகிறார். உங்கள் பக்கம் கத்தோலிக்கக் கோவில்களில் நண்பகலில் மூவேளைச் செப மணி அடிப்பார்களே, அது அடித்தால் கொக்கிகளைப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியாரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: கூப்பிட வேண்டாம், வந்து தோளைத் தொடட்டும். வேலையில் ஆழ்ந்திருக்கும்போது ஏடிஹெச்டி உள்ளவர்களுக்குக் குரல் போய்ச் சேராது. தொட்டால் திரும்புவார்கள்.

கருங்கல் தையல்காரி

ஆறு வாரம் ஆகிவிட்டது. எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், மன்னியுங்கள்.

கொக்கி ஆறு அடித்தேன். ஞாயிறு கோவிலுக்குப் போவதால் கடை இல்லை, அதற்குக் கொக்கி இருந்தால் நானே அந்த நாளில் வேலையை மாட்டிவிடுவேன். நான்காவது வாரம் எதிர்பார்த்தபடியே கண் மங்கியது. வெள்ளிக்கிழமைப் பை ஒன்று சனிக்கிழமை காலை வரை தொங்கியது. அண்ணன் சொன்னதை நினைத்துக்கொண்டு கொக்கிப் பலகையைக் கழற்றி மிஷினுக்கு வலப்பக்கம் மாற்றினேன். மறுபடியும் தெரிகிறது. மேசைக்கு அடியில் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டேன்.

இருபது நாள் துணிக்கு ரப்பர் தோட்டத்து அண்ணன் சொன்னதுதான் சரி. பெரிய வேலை வந்தால் இப்போது மூன்று துண்டுச் சீட்டு எழுதிப் பையில் ஊசியால் குத்துகிறேன், அந்தப் பெண்ணிடமும் மூன்று தேதியையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் "எதற்கு இத்தனை முறை அலைய வேண்டும்" என்றார்கள். ஒருவர் துணியை வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். வருத்தமாக இருந்தது. சொன்ன தேதியில் கொடுக்க முடியாத வேலையை வாங்காமல் விட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

மாமியாரிடம் பதிலைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து நான் ஆரிச் சட்டத்தில் குனிந்திருந்தபோது தோளில் ஒரு கை விழுந்தது. நிமிர்ந்தேன். "பால் பொங்கப் போகிறது" என்றார். குரலில் கோபம் இல்லை.

நானாகக் கண்டுபிடித்த ஒன்றையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். மகனின் பள்ளி வேன் 3.25க்குச் சந்திப்பில் வந்து நிற்கும். அலைபேசி அலாரத்தை அணைத்துவிட்டு மறுபடி தைக்கத் தொடங்கிவிடுவேன். இப்போது கடையில் முள் உள்ள பெரிய சுவர்க் கடிகாரம் வாங்கி மாட்டியிருக்கிறேன். கண்ணாடியின் மேல் மூன்றேகாலில் பெரிய முள் வரும் இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறேன். முள்ளுக்கும் பொட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தால் போதும், கணக்குப் போட வேண்டாம். நேரத்தை முதன்முதலாகக் கண்ணால் பார்ப்பது போல இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை பொட்டின் நிறத்தை மாற்றுகிறேன், இந்த வாரம் பச்சை. மகனுக்கும் வீட்டுக் கடிகாரத்தில் ஒட்டிக் கொடுத்தேன், வீட்டுப்பாடத்துக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று. அவனே நிறம் தேர்ந்தெடுக்கிறான்.

கொக்கி தைப்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. கூட உட்கார ஆள் வேண்டும். கருங்கல் பக்கம் சலிப்பான கைவேலை வைத்திருக்கும் பெண்கள் யாராவது மதியம் ஒரு மணி நேரம் கடைக்கு வந்து உட்கார முடியுமா? பூக்கட்டுவதாக இருந்தாலும் சரி, கணக்கு எழுதுவதாக இருந்தாலும் சரி. பேச வேண்டாம். சாயாவும் பழம்பொரியும் நான் தருகிறேன்.

திங்கட்கிழமைக் கொக்கியில் ஒரு ரவிக்கைக்குக் கழுத்துப் பட்டி வைக்க வேண்டும். முள் பொட்டை நெருங்குகிறது. போய்வருகிறேன்.